பொதுப் பட்டியலில் விழுந்த வரி

வசீலா,

மனம் நொந்து ஊருக்குப் போய்விட்ட அத்தையை அழைத்துவர மஹ்தியாவுக்குப் போகிறேன். மாடியில் அவர் கோதுமை ரவையில் பாதி உருட்டிக் காயவிட்டுப் போன கூஸ்கூஸைத் துணியால் மூடியிருக்கிறேன். வெயில் தாழ்ந்ததும் உள்ளே எடுத்து வை. மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது.

“வேணும்னுதானே அந்த வரிய எல்லாரும் பாக்கப் போட்டீங்க?” என்று கேட்டாய். இல்லை. “அத்தை உருட்டுறது கட்டி கட்டியா இருக்கு, அடுத்த வருஷம் கடையில வாங்கிக்கலாம்” என்று எனக்காகத்தான் கைபேசியில் குறித்தேன். அவசரக் குறிப்புகள் அதில் கடைசியாகத் திறந்த குறிப்பேட்டில் போய்ச் சேரும்படி வைத்திருந்தது என் மடத்தனம். கடைசியாகத் திறந்தது, உன் அக்காமாரும் அத்தையும் அவரவர் கைபேசியில் பார்க்கும் வருஷச் சாமான் பட்டியல்.

இனி என் சொந்த ஏட்டுக்கே போகும்படி மாற்றிவிட்டேன். ஆனால் எழுதிய கை என்னுடையதுதானே? பதினோரு வருஷம் அவர் உருட்டியதைத் தின்றவன் நான். “மாப்பிள்ளை, கடையிலதான் நல்லதா கிடைக்குதாமே, என் கை எதுக்கு?” என்று அத்தை போனில் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

லொத்ஃபி

மாடிச் சாவி எதிர்வீட்டில் இருக்கிறது.

இன்னொன்று: அந்த வரியை அழித்துவிடச் சொன்னாள் உன் பெரியக்கா. நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே, எல்லாரும் பார்க்க, மன்னிப்பு கேட்டு எழுதியிருக்கிறேன். அழிப்பதானால் அத்தை அழிக்கட்டும்.