சனிக்கிழமைப் பெட்டிகள்

மார்ச் 4

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

இங்கு நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களோடு பேசுவதில்லை என்றுதான் நான் முடிவெடுத்திருந்தேன், எழுதுவதில்லை என்று எடுக்கவில்லை. அதனால் என் வைராக்கியத்துக்கு இதில் குறை ஒன்றுமில்லை. பேத்தியின் முதல் பிறந்தநாளன்று என்னைப் போட்டோவின் ஓரத்தில் நிற்க வைத்தீர்கள். பிறகு அந்த ஓரத்தையும் வெட்டிவிட்டுச் சட்டம் போட்டீர்கள். ஒன்பது வருஷம் நான்கு மாதம் ஆகிறது. அதைக் கிளற வரவில்லை. சும்மா சொன்னேன்.

விஷயம் உங்கள் மகளைப் பற்றி. சமையலறையில் இப்போது மூன்று வாளிகள் வைத்திருக்கிறாள். காய்த்தோல், மிச்சம் மீதி பச்சை வாளிக்கு. காகிதமும் அட்டையும் நீலத்துக்கு. எதிலும் சேராதது கறுப்புக்கு. நேற்று ஒரு டீப் பையைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றேன். தூள் பச்சைக்கு என்றால் நூல் எதற்கு, நுனியில் தொங்கும் காகிதம் எதற்கு, அந்தக் குட்டிப் பின் எதற்கு? பேத்தி வந்து, "பாட்டி, பிரிச்சுப் போடணும்" என்கிறாள். ஒரு வாய் டீக்கு இத்தனை உத்தியோகம்.

பால் கவரைக் கழுவித் துணிக்கொடியில் காயப் போடுகிறாள். "என்ன, கவரெல்லாம் துவைக்கிறீங்க?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். பழைய படுக்கை விரிப்பைத் துண்டு துண்டாக வெட்டி, கை துடைக்க இதுதான், காகிதம் வாங்கக் கூடாது என்கிறாள். பால்கனியில் ஒரு டிரம். தோலைப் போட்டு மேலே காய்ந்த சருகைத் தூவுகிறாள். நாறட்டும், அப்போது கேட்டுக்கொள்கிறேன் என்று காத்திருந்தேன். நாறவில்லை. அதுவும் எனக்குப் புரியவில்லை.

இதெல்லாம் போகட்டும். சனிக்கிழமை ஆனால் ஒரு அட்டைப்பெட்டி வீட்டைவிட்டுப் போகிறது. வண்டிக்காரர் வந்து எடுத்துப் போகிறார். என்ன என்று கேட்டால், "வீட்ல சாமான் ஜாஸ்தி அத்தை, கொறைக்கிறேன்" என்கிறாள். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. இது நீங்கள் வளர்த்த வளர்ப்பா, இல்லை எங்காவது படித்துக்கொண்டு வந்ததா? எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 13

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆனதோ என்று பயந்துவிட்டேன். படித்ததும் சிரித்தேன், மன்னியுங்கள்.

வீட்டுக் குப்பையைக் குறைப்பது நல்லதுதானே? நானும் கடைக்குத் துணிப்பை கொண்டுபோகிறேன். காய் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறேன். காலி ஜாடியில் பருப்பு போட்டு வைக்கிறேன். அவள் போக்கில் விடுங்கள். போட்டோ விஷயம் எனக்கு நினைவே இல்லை. அப்படி நடந்திருந்தால் தப்புதான்.

பெட்டியைப் பற்றி அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 22

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்களுக்கு நினைவில்லையா! சரி. எனக்கு இருக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே வைத்துக்கொள்கிறேன்.

கேட்க வேண்டாம் என்று எழுதினீர்களே, அதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. குறைப்பவள் உடைந்ததைத்தானே முதலில் போடுவாள்? உங்கள் மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக் என்று பேர், வீடு முழுக்க அறுந்த வயரும் செத்த மோட்டாரும். ஓடாத மின்விசிறி இரண்டு கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அதில் ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. நன்றாக ஓடுகிற தையல் மெஷின் போய்விட்டது. மடக்கு நாற்காலி இரண்டும் போய்விட்டன. சுவர்க்கடிகாரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம்தான் இருக்கிறது, மணி பார்க்க நிமிர்ந்து நிமிர்ந்து ஏமாறுகிறேன்.

நேற்று மத்தியானம் வழக்கம்போல் உங்கள் மேல் எரிச்சல் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய சாமான்களை மனதுக்குள் ஒப்பித்தேன். பாத்திரம் ஆறு என்று சொல்லி நான்கு அனுப்பினீர்கள், அதில் ஒன்றுக்கு மூடி பொருந்தாது. தையல் மெஷின். மடக்கு நாற்காலி இரண்டு. கடிகாரம். நீலக் கம்பளி. எழுந்து போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். கம்பளி இல்லை. பாத்திரம் நான்கும் இல்லை. பொருந்தாத மூடிகூட இல்லை.

அவள் கொண்டுவந்தது மட்டும்தான் போகிறது. இந்த வீட்டுச் சாமானில் ஒரு கரண்டி குறையவில்லை.

காலையில் கண்ணாடிக் கடை வேலைக்குப் போகும்போது, "அத்தை, டிரம்மை ரெண்டு நாளைக்கு ஒருதரம் கிளறி விடணும், கத்துக்கோங்க" என்றாள். நான் எதற்குக் கற்றுக்கொள்ள வேண்டும்? அவள் எங்கே போகிறாள்?

ஒளிக்காமல் எழுதுங்கள். சாமானெல்லாம் உங்கள் வீட்டிலா இருக்கிறது?

மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 31

சம்பந்தியம்மாவுக்கு,

ஆமாம். என் பின்னறையில் இருக்கிறது. பள்ளிக்கூடம் மூடியதும் குழந்தையோடு வந்துவிடுவாள். யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டாள், இன்று அதையும் மீறிவிட்டேன். குப்பையைக் குறைக்கிறேன் என்றது பொய்யில்லை. அது அவள் மனசாரச் செய்தது. அந்தச் சாக்கில் இதையும் செய்துகொண்டாள்.

சண்டை வந்தால், "உன் சாமானைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பு" என்று மாப்பிள்ளை சொல்வாராம். ஐந்தாறு தடவை சொல்லியிருக்கிறார். கடைசித் தடவை நீங்களும் அங்கே இருந்தீர்களாம். "அத்தைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்மா. இது மட்டும் காதுலயே விழல" என்றாள்.

நான் பெற்றவள் சொல்கிறாள், நான் நம்புகிறேன். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மருமகளின் அம்மா


ஏப்ரல் 9

சம்பந்தியம்மாவுக்கு,

காதில் விழுந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன், குழாய் திறந்திருந்தது. அவன் சொன்னதும் அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் பீன்ஸைப் பார்த்தேன். அழுதுவிட்டு மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். நான் எதையாவது மறந்திருக்கிறேனா, அவள் மறப்பதற்கு?

உங்கள் கடிதம் வந்த அன்றே மகனிடம் கேட்டேன். "கோவத்துல சொன்னதும்மா, அதைப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு" என்றான். அதை அவளிடம் சொல் என்றேன். "அவளுக்கே தெரியும்" என்று டிவியைப் போட்டான். எட்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். எட்டு நாளும் அதே டிவி.

இன்று அவள் கடைசிப் பெட்டியைக் கட்டும்போது என் புடவைகளையும் மருந்து டப்பாவையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். "இதெல்லாம் எதுக்கு அத்தை? நல்லாத்தானே இருக்கு, யாருக்குக் குடுக்கணும்?" என்றாள். யாருக்கும் இல்லை, நானும் வருகிறேன் என்றேன். அவள் மருந்து டப்பாவை எடுத்து, உடையாமல் இருக்க என் புடவையிலேயே சுற்றி உள்ளே வைத்தாள்.

அதற்குள் மகன் வந்து நின்றான். "நீ எதுக்கும்மா போற? உன்னை யார் என்ன சொன்னா?" என்றான். என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கும் குழப்பமாக இருக்கிறது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு, மருமகளாக வந்தவளோடு கிளம்புகிறேன். அவள் மேல் உள்ள பாசமா, பேத்தியைப் பிரிய முடியாததா, அன்று வாய் திறக்காத வெட்கமா, ஒன்றும் பிடிபடவில்லை. புரிந்தபிறகு கிளம்பலாம் என்றால் வண்டி போய்விடும்.

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அங்கே இருப்போம். மூன்று பேர். எனக்குத் தனி அறையெல்லாம் வேண்டாம். இரண்டு நாள் நீங்கள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அது எனக்குப் பழக்கம்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அத்தை