உள்ளங்கை ரேகை

அன்புள்ள கனகமாலாவுக்கு,

நீயும் சன்மதியும் நல்லா இருக்கீங்களா? உன் முட்டி வலி கம்மியாச்சா?

எனக்கு ரெண்டு கண்ணுக்கும் லேசர் வெச்சு முடிஞ்சுது. சர்க்கரையால போன பார்வை திரும்பாதாம், மிச்சத்தைக் காப்பாத்தத்தான் இதுன்னு டாக்டர் சொன்னார். ஓரப் பார்வை கம்மியாகும், மங்கல் வெளிச்சத்துல தடுமாறும்னும் சொன்னார். நேரா பார்த்தா எழுத்து தெரியுது. இதை நானேதான் எழுதுறேன்.

ஒரு சின்ன விஷயம். போன்ல சொன்னா அழுவ. செவ்வாய்க்கிழமை சாயந்திரம் சுகர் மாத்திரை போட்டுட்டு, தட்டை எடுத்து வெச்சு, பொழுது சாஞ்சா சாப்பிடாத நம்ம சமண வீட்டு வழக்கப்படி, ரேகை தெரியுற வெளிச்சம் இருக்கான்னு கையை விரிச்சுப் பார்த்தேன். ரேகை தெரியல. சூரியன் மலைக்குப் பின்னாடி போயிடுச்சு, இனிமே சாப்பிடக் கூடாதுன்னு தட்டை மூடிட்டேன். கொஞ்ச நேரத்துல வேர்த்துக் கொட்டி, ஆஸ்பத்திரிக்காகத் தங்கியிருக்கற இந்த லாட்ஜ் படியிலேயே உட்கார்ந்துட்டேன். இங்க பெருக்கற மணிமொழி சர்க்கரைத் தண்ணி கொண்டு வந்தா. பொழுது போயிடுச்சு, வேணாம்னேன்.

"பொழுது எங்கண்ணே போச்சு? உங்க பின்னாடி சுவத்துல வெயில் அடிக்குது"ன்னா.

அவ கண்ணை நம்பிக் குடிச்சேன். இப்ப ஒண்ணுமில்ல.

பெரிய நம்பர் போட்ட கடிகாரம் ஒண்ணு வாங்கி அனுப்பு. கூடவே உன் பழைய நூல் புடவை ஒண்ணு வை, போத்திக்கறேன்.

ஜன்னல் ஓரமாத்தான் உட்கார்ந்திருக்கேன். மணிமொழியைக் கேட்டேன், மணி நாலரைதான் ஆகுதாம்; எனக்கு ரேகை மறைய ஆரம்பிச்சிடுச்சு. சாப்பிடப் போறேன்.

ஜினேந்திரன்