இரண்டாவது கேசட்டை முதலில் பார்த்தவன்

மச்சான்,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய வீடியோ பிளேயரைத் தட்டி எழுப்பினேன். கொஞ்ச நேரம் ஓடியதும் சூடேறிய பிளாஸ்டிக் வாசம் கூடம் முழுக்கப் பரவியது. அந்த வாசம் வந்தால் நீயும் வந்துவிடுகிறாய், கூப்பிடாமலே. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தானே.

கிள்ளானில் அந்த வீடியோ கடை நினைவிருக்கிறதா? கேசட் எடுக்க வருகிறவர்கள் கடைக்காரரைக் கேட்க மாட்டார்கள். ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் உன்னைத்தான் கேட்பார்கள். நீ உதட்டைப் பிதுக்கினால் கேசட் அலமாரிக்குத் திரும்பிவிடும். நாம் இருவரும் ஷா ஆலத்தில் ஒரே தொழிற்சாலை, ஒரே ஷிப்ட். படிப்பும் இருவருக்கும் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு சரி. எல்லாப் படத்தையும் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன் நான். என்னிடம் ஒருவரும் கருத்து கேட்டதில்லை. கடையை எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

ஊரார் போகட்டும். என் மகள் கேட்காததுதான் எனக்கு எரிச்சல். படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், "மாமா பார்த்துட்டாராப்பா?" என்று உன்னைத்தான் கேட்பாள். நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னால், "அது சரி, மாமா?" என்பாள்.

அதனால்தான் அந்தத் தீபாவளிப் படத்துக்கு முந்திக்கொண்டேன். நீ காப்பாரில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தாய். பெரிய படம், இரண்டு கேசட். பார்த்த கையோடு மகளையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போய், உன் ஸ்டூலிலேயே உட்கார்ந்து தீர்ப்பு சொன்னேன். இது புது மாதிரி டைரக்‌ஷன், முதலில் வில்லனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு அப்புறம்தான் அவன் என்ன செய்தான் என்று காட்டுகிறார்கள், மூளை உள்ளவனுக்குத்தான் புரியும் என்றெல்லாம் அளந்தேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, ரெண்டாவது கேசட்டை மொதல்ல போட்டீங்களா?" என்றார்.

கடையே சிரித்தது. என் மகளும்தான். எல்லாவற்றையும் வாசலிலேயே கேட்டுவிட்டு, அந்த நேரம் பார்த்து நீ உள்ளே வந்தாய்.

"சிரிக்காதீங்க லா. நான் காப்பார்ல நேராத்தான் பார்த்தேன், தூக்கம்தான் வந்துச்சு. இவன் பார்த்த மாதிரி பாருங்க, படம் தப்பிச்சிக்கும்."

அப்புறம் பாதிக் கிள்ளான் அந்தப் படத்தைத் தலைகீழாகப் பார்த்தது. "மாமா எப்படி யோசிக்கிறாரு பாருங்கப்பா" என்றாள் மகள். தப்பு என்னுடையது, பேர் உனக்கு. காப்பாற்றியவனுக்கு நன்றி சொல்ல வேண்டும்தான். எனக்கு வயிறுதான் எரிந்தது.

அன்றிலிருந்து நீ நல்ல படம் என்றால் நான் குப்பை என்றேன். நீ உருகிப் போன அந்தக் காதல் படத்தை ஜவ்வு என்றேனே, ஞாயிறன்று போட்டது அதைத்தான். இடைவேளை வரை நீ சொன்னது சரி. அதற்கப்புறம் ஜவ்வேதான், மச்சான். பாதியாவது ஜெயித்தேன். ஆனால் தோற்றவன் எதிரில் இல்லையே.

மகள் இப்போது பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்கிறாள். போன வாரம், புதுப்படம் பார்த்து வந்த என்னிடம், "எப்படிப்பா இருக்கு?" என்றாள். முதல் தடவையாக என்னைக் கேட்டாள். தொண்டையைச் செருமினேன். நீ என்ன சொல்வாய் என்று தெரியாமல் நான் எதை மறுப்பது? யோசித்துப் பார்த்தேன். பாட்டு எல்லாம் ஒரே மாதிரி, கதாநாயகி எதற்கு வருகிறாள் என்றே தெரியவில்லை, போகாதே என்று சொல்லியிருப்பாய். உடனே, "அருமையான படம்மா, போய்ப் பாரு" என்றேன்.

தோழிகளோடு போய்விட்டு வந்தாள். "என்னப்பா நீங்க? பாட்டு எல்லாம் ஒரே மாதிரி. அந்தக் கதாநாயகி எதுக்கு வர்றான்னே தெரியல."

படத்தைப் பார்க்காமலே ஜெயித்துவிட்டாய். உன் தீர்ப்பு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை அத்துப்படி. அதை அவளிடம் சொல்லியிருந்தால் அவளுடைய ஒரு மாலை வீணாகியிருக்காது. ஆனால் சொன்னால் பேர் மறுபடி உனக்குத்தானே போகும்?

எனக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.