சுக்கானுக்கு வளைகாப்பு

இன்று காலை வீட்டுப் பூனை என் தையல் பெட்டியைக் கவிழ்த்துவிட்டது. நூற்கண்டு ஒரு பக்கம், பட்டன்கள் ஒரு பக்கம். திட்டிக்கொண்டே பொறுக்கும்போது ஒரு சின்னப் பச்சைக் கண்ணாடி வளையல் உருண்டு வந்து என் கால் விரலில் இடித்து நின்றது. கைக்குழந்தைக்குப் போடுகிற அளவு. பார்த்தவுடன் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரிக்கிற கிழவியைக் கண்டு பூனையே ஓர் அடி பின்வாங்கியது என்றால் பார்த்துக்கொள்.

இந்த வளையல் எந்தக் குழந்தையின் கையிலும் ஏறியதில்லை என்பது உனக்குத் தெரியும்.

இந்தத் தீவுக்கு வந்த புதிதில், ஹேடோ குவார்ட்டர்ஸில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். நீ உன் வீட்டில் கடுகு தாளித்தால் நான் என் வீட்டில் தும்முவேன். ஒருநாள் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாய். மெட்ராஸிலிருந்து வந்த கப்பலில் எலி பிடிக்க வைத்திருந்த பூனையின் குட்டி. கப்பல் நிற்கும் ஜெட்டியில் இறங்கி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவளை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டதாம்.

"டிக்கெட்டே இல்லாம வந்து எறங்கியிருக்காட்டி. கப்பலோட அடித்தட்டு பங்க் கிளாஸ்ல வாந்தி எடுத்துக்கிட்டு வந்த நம்மள விடக் கெட்டிக்காரி" என்றாய். எப்போதும் விறைத்து நிற்கும் அவள் வாலைப் பார்த்து, கப்பலைத் திருப்புகிற சுக்கான் என்று பெயர் வைத்ததும் நீதான்.

கப்பல் ஊதினால் போதும், சுக்கான் எங்கே இருந்தாலும் ஜெட்டிக்கு ஓடிவிடுவாள். கப்பல் சமையல்காரர் மீன் தலை போடுவார். வயிறு நிறையத் தின்றுவிட்டுச் சாயங்காலம் ஆடி அசைந்து திரும்புவாள். "பொறந்த வீட்டுக்குப் போயிட்டு வாரா மகராசி" என்பாய்.

இனி வருவதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எனக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்ததே, அதைச் சொல்கிறேன். நாற்காலிக்குக் காகிதப் பூ செய்து ஒட்டியது நீ. சுவரில் கிளியும் கொடியும் வரைந்தது நீ. பெண்கள் வந்து உட்கார்ந்ததும் என் நாத்தனார், என் பெரிய மதினி, உன்னைப் பார்த்து, "நீ உள்ள போய்ப் புளியோதரையக் கிண்டிக் குடும்மா" என்றாள். கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லாதவள் வளையல் அடுக்கும்போது எதிரில் நிற்கக் கூடாது என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். எனக்குப் புரிந்தது. கையை நீட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சிரித்துக்கொண்டே வந்து எல்லோருக்கும் பரிமாறினாய். அந்தப் புளியோதரை எனக்கு இறங்கவே இல்லை.

என் மகன் பிறந்து மூன்று மாதம் இருக்கும். ஆஸ்பத்திரியின் மலையாளத்து நர்ஸ் அம்மிணி, லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவில் ஒரு மாத டியூட்டி முடித்துத் திரும்பி வந்தாள். மரம் வெட்ட வந்த குடும்பங்களில் அடுத்தடுத்துப் பிரசவம். மழையோ விடவில்லை. சுற்றத் துணியில்லாமல் குழந்தைகளை அரிசிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார்கள் என்றாள். பக்கத்து வரிசை வங்காளத்து அண்ணி ஷெஃபாலி, பழைய சேலைகளை அடுக்கி வைத்துத் தைத்தால் பூப்போல மெத்தை வரும், தன் ஊரில் எல்லாப் பிள்ளையும் அதில்தான் தூங்கும் என்றாள். பூ வேலைக்குப் படம் நான் போடுகிறேன் என்றாய் நீ. சேலைக்கு எங்கே போவது? புதுச்சேலை மெயின்லேண்டிலிருந்து வந்தால்தான் உண்டு என்பதால் நம் ஊரில் எவளும் பழசை எளிதில் விடமாட்டாள்.

அப்போது சினையாக இருந்த சுக்கான் வயிற்றைச் சாய்த்துக்கொண்டு நடுவில் வந்து படுத்தாள். நீ அவளைப் பார்த்தாய். அம்மிணியைப் பார்த்தாய்.

"இவளுக்கு வளைகாப்பு வச்சா என்ன?"

பெட்டிப் பலகையில் நீ எழுதிய அழைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. வால் நிறைய வளையல் போட்ட பூனை. கீழே, 'பூ பழம் வேண்டாம். துவைத்த பழைய பருத்திச் சேலை ஒன்று கொண்டுவந்தால் போதும்.' தண்ணீர்க் குழாயடியில் ஒன்று, ரேஷன் கடையில் ஒன்று, ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று. ஊரே சிரித்தது. மதினி மட்டும் குழாயடியில் எல்லோர் காதிலும் விழும்படி, "பிள்ளை இல்லாத ஏக்கம், பூனைக்குச் செஞ்சு பாக்கா" என்றாள். நீ குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாய். மறுநாள் தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏட்டி, ஒருத்தரும் வரலைன்னா?" என்று கேட்டாய். உன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. புதன்கிழமை லாங் ஐலண்டுக்குப் படகு. அதற்குள் சேலை சேராவிட்டால் அந்தக் குழந்தைகளுக்குச் சாக்குதான். உனக்கோ, குழாயடிப் பேச்சே நிலைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று நாள் வைத்தோம். செவ்வாய்க்கிழமைதான் கப்பல் என்று ஷிப்பிங் ஆபீஸ் போர்டில் போட்டிருந்தார்கள். அந்தப் போர்டை நம்பி எவராவது நாள் குறிப்பார்களா? நாம் நான்கு பேரும் நம்பினோம்.

பத்துப் பதினைந்து பெண்கள் சேலை மூட்டையோடு வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். சுக்கான் பொட்டு வைத்துக்கொண்டு காகிதப் பூ நாற்காலியில். ஷெஃபாலி தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாட ஆரம்பித்தாள். கடல் பக்கம் நீளமாக ஊதல் கேட்டது.

"ஜஹாஜ் ஆ கயா!" யாரோ தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

கப்பல் வந்துவிட்டால் அடுப்பில் சோறு இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுப் போகிற ஊர் நம்முடையது. கடிதம் அதில்தான், வெங்காயம் அதில்தான், அக்கா தங்கை வருவதும் அதில்தான். இரண்டே நிமிஷம். பாய் காலி. கொண்டுவந்த சேலைகளையும் ஞாபகமாக அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நாற்காலியும் காலி. வளைகாப்புப் பெண் வயிறு குலுங்கச் சரிவில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

நீ பாயில் உட்கார்ந்தாய். அழப்போகிறாய் என்று நினைத்து நான் பக்கத்தில் வந்தேன். நீ தலையைத் தூக்கினாய், முகம் முழுக்கச் சிரிப்பு.

"பொறந்த வீட்டுக்காரங்க வந்துட்டாங்கட்டி! அவங்க வராம எங்கயாவது வளைகாப்பு உண்டா? நாமதான் அவசரப்பட்டுட்டோம். எடு தாம்பாளத்த!"

ஹேடோ முழுக்க ஜெட்டியில் நின்றது. ஏணிப்படி அடியில் சுக்கான் வாலை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். சமையல்காரர் காகிதத்தில் மீன் தலையோடு இறங்கி வந்தார். நீ அவரிடம் போய், "பாயி, ஆப்கா பேட்டி கா கோத்பராயி ஹை!" என்றாய். உங்க பொண்ணுக்கு வளைகாப்பு என்றதும் மனிதர் ஒரு நொடி விழித்தார். பிறகு சுக்கானின் வயிற்றைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பெண்ணைப் பெற்றவராக நிமிர்ந்து நின்றாரே, அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரித்தே வயிறு வலிக்கிறது.

ஷெஃபாலி பாடினாள். கூட்டம் வட்டம் கட்டியது. நீ பச்சை வளையலைக் கையில் எடுத்தாய். எடுத்தவள், பார்சலுக்காகக் காத்து நின்ற மதினியிடம் நீட்டினாய். "மொத வளையல் நீங்க போடுங்கக்கா."

மதினியின் கை நீண்டுவிட்டது.

"மதினி, இருங்க. அவ போடட்டும்" என்றேன்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"கடலத் தாண்டும்போதே பாதி வழக்கத்த மெட்ராஸ் ஹார்பர்ல விட்டுட்டுத்தான வந்தோம். இதையும் விட்டிருவோம்." இடுப்பில் வீரிட்ட பிள்ளையைத் தட்டிக்கொண்டே சொன்னேன். "நீ போடுட்டி."

நீ என்னையே பார்த்தாய். பிறகு குனிந்து அந்த விறைத்த வாலில் வளையலை மெல்ல இறக்கினாய். சுக்கான் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மீனைத் தின்றாள். வால் இறங்கவே இல்லை. மேல்தளத்தில் கம்பியைப் பிடித்து நின்ற பயணிகள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு யார் முதல், யார் இரண்டாவது என்று எவள் பார்த்தாள்? அக்குளில் இருந்த சேலையெல்லாம் தாம்பாளத்துக்கு வந்தது. கப்பலில் வந்தவர்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். சமையல்காரர் பிறந்த வீட்டுச் சீராகத் தன் வெள்ளை லுங்கியைக் கொடுத்தார். மதினி மட்டும் பார்சலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் விரல் தேயத் தைத்தோம். செவ்வாய் காலை ஷெஃபாலி "அரே பாப் ரே!" என்று அலறினாள். நீ மீன்கூட்டம் வரைந்த, எல்லாவற்றிலும் அழகான மெத்தையில் சுக்கான் மூன்று குட்டி போட்டுப் படுத்திருந்தாள். "பச்சப்பிள்ளைக்குன்னு தச்சோம், பச்சப்பிள்ளைக்கே போயிருக்கு" என்று நீ முடித்துவிட்டாய். ஆனால் கணக்கில் ஒன்று குறைந்தது. அன்று சாயங்காலம் மதினி வந்தாள். நைந்து பஞ்சாகிப்போன ஒரு சேலை, தன் மூத்த மகனைக் கைக்குழந்தையில் சுற்றி வைத்திருந்தது. என்னைத் தாண்டிப்போய் உன் கையில் வைத்தாள். "மஞ்சக் கரை வெளிய தெரியும்படி தை" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த முறை லாங் ஐலண்ட் போய் வந்த அம்மிணி, "ஒரு குஞ்ஞுகூடச் சாக்குல இல்ல சேச்சி" என்றபோது நீ போட்ட ஆட்டம் தகரத் தடுப்பைச் சாய்த்துவிட்டது. அதை நாம் திரும்ப நிறுத்தவே இல்லை.

நீ மெயின்லேண்டுக்குப் போனாய், பிறகு இந்த உலகத்தையும் விட்டுப் போனாய். இங்கே சுக்கானின் வம்சம் எத்தனையாவது தலைமுறை என்று எனக்கே குழப்பம். வால் மட்டும் மாறவில்லை. இப்போது வளைகாப்புகளுக்கு என்னைப் பெரிய மனுஷியாகக் கூப்பிடுகிறார்கள். போனதும் நான் நேரே சமையலறை வாசலைப் பார்ப்பேன். கிண்ட வேண்டாத ஒன்றைக் கிண்டிக்கொண்டு அங்கே ஒருத்தி நிற்பாள். அவள் கையைப் பிடித்து இழுத்து வந்து, "மொத வளையல் நீ போடுட்டி" என்பேன். முகம் சுளிப்பவர்களிடம் பூனைக் கதையைச் சொல்வேன். சிரிக்கிற வாய் அதற்குமேல் சுளிக்காது.

இதை எழுதிக்கொண்டே அந்தப் பச்சை வளையலை என் கையில் ஏற்றிப் பார்த்தேன். மூன்று விரலோடு நின்றுவிட்டது. என் வளைகாப்பில் நான் உன் பக்கம் நீட்டியிருக்க வேண்டிய கை இது. இதோ நீட்டியிருக்கிறேன், போடுட்டி.