படகு முழுகினால் நர்சிங்

செப்டம்பர் 12

இன்றும் கணக்கியல் வகுப்பில் ஜன்னல் வழியே மேகம் பார்த்துக்கொண்டிருந்து ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டேன். "டெஸ்ஸா, இந்தக் கம்பெனிக்கு லாபமா நஷ்டமா?" என்றார். "பரவாயில்லாம போகுது சார்" என்றேன். வகுப்பே சிரித்தது.

கான்கிரீட் தொழில் மேலாண்மை என்று ஒரு படிப்பு இருப்பதையே யாரும் ஒரே தடவையில் நம்புவதில்லை. கலக்கவும் தெரியவேண்டும், விற்கவும் தெரியவேண்டும். எனக்குக் கலக்கத்தான் பிடிக்கிறது. விற்கச் சொன்னால் மேகம் வந்துவிடுகிறது.

செப்டம்பர் 30

சிவில் என்ஜினியரிங் பிள்ளைகள் வருடாவருடம் கான்கிரீட்டில் படகு வார்த்து ஏரியில் பந்தயம் விடுகிறார்கள். இந்த வருடம் கலவைக்கு எங்கள் துறையில் ஆள் கேட்டிருக்கிறார்கள். போனேன். அணித்தலைவன் பிளேய்ன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஓ, சிமெண்ட் ஸ்கூலா? வா வா. மூட்டை தூக்குவியா?"

"தூக்குவேன். உன்னையும் சேத்து."

துடுப்புப் போடும் டோனிகா மட்டும் கைதட்டினாள்.

அக்டோபர் 21

ஜல்லிக்குப் பதில், உள்ளே காற்று மட்டும் இருக்கிற பொடிக் கண்ணாடிக் குமிழிகள். மாவைவிட மென்மை, மூச்சு விட்டால் பறக்கிறது. அதைச் சிமெண்டோடு கலந்து வார்த்த உருளையைத் தொட்டித் தண்ணீரில் விட்டேன். உள்ளே போய், கொஞ்சம் யோசித்து, மேலே வந்தது.

மிதக்கிறது! கல் மிதக்கிறது! சாப்பிடக்கூட மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சாலை, பாலம், எங்கள் ஊர்ப் படிக்கட்டு எல்லாம் மெல்லக் கழன்று ஆற்றோடு போவது மாதிரி ஒரு நினைப்பு. யாரிடம் சொல்ல?

நவம்பர் 27

நன்றித் திருநாளுக்கு வீட்டுக்கு வந்தேன். வான்கோழி, சோள ரொட்டி, அம்மாவின் வாய். கான்கிரீட்டைக் கலந்தே லாரியில் அனுப்புகிற ரெடிமிக்ஸ் ஆலையில் அம்மாவுக்கு, லாரிகளை எங்கே அனுப்புவது என்று பார்க்கிற வேலை. இருபது வருடமாக சிமெண்ட் தூசி.

"நான் தின்ன தூசி பத்தாதாடி? நர்சிங் சேருன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கல்லுல படகு செய்யறாளாம்!"

"மிதக்கும்மா."

"மிதக்கலன்னா?"

வாய் சும்மா இருந்திருக்கலாம். "படகு முழுகினா அடுத்த வருஷம் நர்சிங்ல சேந்துடறேன். போதுமா?"

அம்மா கையை நீட்டினாள். குலுக்கிவிட்டேன். என்ன செய்துவிட்டேன் நான்?

பிப்ரவரி 8

இன்று வார்த்தோம். அச்சைச் சுற்றிலும் ஆட்கள், ஆளுக்கொரு கரண்டி. முதல் இரண்டு கலவை வெண்ணெய் மாதிரி படிந்தது. நடுப்பகுதிக்கான மூன்றாவது கலவை இறுக ஆரம்பித்தது. நான் கை கழுவப் போய்த் திரும்புவதற்குள் பிளேய்ன் வாளியைச் சாய்த்துவிட்டான்.

"ஏய்! என்ன பண்ற?"

"கொஞ்சம் தண்ணிதான் டெஸ்ஸா. இழுக்கவே வரல, கையெல்லாம் வலிக்குது."

"கொஞ்சமா? குமிழி பூரா மேல வந்துடும்டா! காஞ்சா பிஸ்கட்!"

லாரி டிரைவர்கள் செய்கிற அதே தப்பு. முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித்தருகிற தப்பு. கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கலாம் என்றால் குமிழி மிச்சமில்லை. பூசிவிட்டார்கள். மற்ற இரண்டைப் போலவே அந்தக் கலவையிலிருந்தும் நான் சோதனைக்கு உருளைகள் எடுத்து வைத்தேன். கோபம்தான், வேறென்ன.

பிப்ரவரி 15

விடிந்ததும் கொட்டகைக்குப் போய்ச் சாக்கை நனைக்கிற வேலை என்னுடையது. ஈரம் காயக்கூடாது. நனைத்த சாக்குக்கு அடியில் படகு ஏதோ பெரிய மிருகம் போலத் தூங்குகிறது. தண்ணீர் சொட்டும் சத்தத்தில் உட்கார்ந்திருந்தால் போட்டி, அம்மா, பிளேய்ன் எல்லாம் தூரமாகிவிடுகிறது. உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். அதற்கு அவசரமே இல்லை. எனக்கும் இல்லை. கணக்கியல் வகுப்புக்கு இன்றும் தாமதம்.

மார்ச் 8

உருளைகளை எந்திரத்தில் வைத்து நசுக்கினோம். முதல் இரண்டு கலவையும் தாங்கின. மூன்றாவது பொசுக்கென்று நொறுங்கிவிட்டது. படகின் நடுவில் முடியிழை மாதிரி விரிசலும் தெரிகிறது.

பிளேய்ன் வெளியே கூட்டிப்போனான். "பேசாம இரு. பெயின்ட் அடிச்சா தெரியாது."

"அதுல ஆளுங்க உக்காரப் போறாங்க."

"உன் பேருதான கலவையில இருக்கு? உனக்குத்தான் கெட்ட பேரு."

அதுதான் சுட்டது. ஆமாம், என் பேர்தான். முழுகினால் என் பேர், என் படிப்பு, எல்லாம்.

மார்ச் 9

துடுப்புப் போடுகிறவர்களிடம் சொல்லிவிட்டேன். மூன்றாவது கலவை பலமில்லை, படகு நடு இடுப்பில் உடையலாம் என்று. ஏன் பலமில்லை என்று சொல்லவில்லை. பிளேய்ன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து துடுப்புப் போடுகிற கலப்புப் பந்தயத்துக்கு இருந்த இன்னொரு பெண் உடனே விலகிவிட்டாள். டோனிகா என்னை முறைத்தாள். "நான் ஏர்றேன். ஆனா அவ இடத்துல நீ உக்காரு. உன் கல்லு, உன் உசுரு."

எனக்கு நீச்சல் தெரியும். முழுகாமல் இருக்கிற அளவுக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 13

துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. இருந்தாலும் எழுதியே ஆகவேண்டும்.

அம்மா மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்து, ஏரிக்கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் டோனிகா, அடுத்து நான், எனக்குப் பின்னால் இன்னொரு பையன், கடைசியில் பிளேய்ன். போகும்போது ஒரு குறையும் இல்லை. தண்ணீர் அடியில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, நான் கலக்கிய கல் என்னைச் சுமந்துகொண்டு போகிறது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

மிதவையைச் சுற்றித் திரும்பும்போது 'டப்' என்றது. இடுப்பில் தண்ணீர். அப்புறம் முழுக்கத் தண்ணீர்.

மேலே வந்து கண்ணைத் துடைத்தால் முன்பாதி என் பக்கத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. டோனிகா அதைக் கட்டிக்கொண்டு கத்துகிறாள். பின்பாதி சற்றுத் தள்ளி, அதன்மேல் பிளேய்னும் அந்தப் பையனும். இரண்டு துண்டும் மிதந்தன. கரையில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து ஏரித் தண்ணீரை வேறு குடித்துவிட்டேன்.

கரையேறியதும் நடுவர் கலவை யாருடையது என்று கேட்டார். நான் கை தூக்குவதற்குள் பிளேய்ன், பல் தந்தியடிக்க, "கலவை அவளோடது சார். நடுவுல தண்ணி ஊத்திக் கெடுத்தது நான்" என்றான். எல்லார் முன்னாலும். அந்த நிமிஷம் அவனை மன்னித்துவிட்டேன்.

அம்மா துண்டோடு வந்தாள். நான் முந்திக்கொண்டேன். "சரிம்மா. நர்சிங்."

"எதுக்கு?"

"பந்தயம்..."

"முழுகினாத்தான நர்சிங்? அது எங்கடி முழுகிச்சு?" தலையைத் துவட்டிவிட்டாள். கொஞ்சம் பலமாகவே.

போகும்போது நடுவில் உடைந்து பெயர்ந்த சின்னத் துண்டு ஒன்றைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டாள். எதற்கு என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 16

அம்மா போன். பின்னால் ஆலைச் சத்தம், ஆம்பளைகள் சிரிப்பு. டிரைவர்கள் காபி குடிக்கிற இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து அந்தத் துண்டைப் போட்டிருக்கிறாளாம். வருகிறவன் போகிறவனெல்லாம் விரலால் அமுக்கிப் பார்க்கிறானாம்.

"திரும்பத் திரும்ப மேல வருதுடி. இவனுங்களுக்கு லோடு ஏத்தவே மனசு வரல. இரு, ஒருத்தன் நம்பமாட்டேங்குறான். ஏண்டா, என் பொண்ணு செஞ்சதுடா!"

போனை வைக்காமலே அவனிடம் பேசப் போய்விட்டாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.