எழாத கைதட்டல்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

இந்த இசைக்குழுவில் சேர்ந்த பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக நான் தனி செல்லோ வாசித்த கச்சேரி. பேப்பரில் உன் விமர்சனம் பார்த்தேன். "அந்த இரங்கல் இசையின் கடைசி ஸ்வரம் அடங்கியதும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது." ஒருவர்கூடத் தட்டவில்லை, அண்ணா. கச்சேரிக்கு அரைமணி முன்புதான் எங்கள் கிளாரினெட்காரர் ஆஸ்பத்திரியில் இறந்த செய்தி வந்தது. ஏற்கெனவே நிகழ்ச்சியில் இருந்த அந்த இரங்கல் இசையை அவருக்காக வாசிக்கிறோம், தட்ட வேண்டாம் என்று மேடையிலேயே கேட்டுக்கொண்டார்கள். எல்லோரும் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள்.

"வீட்டுலயே ஆள் இருக்கு, கைதட்டலுக்கு என்ன பஞ்சம்!" என்கிறார் வயலின்காரர். நான் சொல்லித்தான் எழுதினாய் என்று நினைக்கிறார்கள்.

நீ எங்கே இருந்தாய்?

தங்கை

மார்ச் 7

அன்புக் குட்டிக்கு,

கடைசி வரிசையில்தான் இருந்தேன். அறிவிப்பின்போது வெளியே போன் பேசிக்கொண்டிருந்தேன். கூரையில் மழை விழுந்த சத்தம் கைதட்டல் போலக் கேட்டிருக்கலாம். விடு, நாளைக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

உன் அண்ணன்

மார்ச் 11

அண்ணாவுக்கு,

அன்று மழையே பெய்யவில்லை.

நேற்று கிளாரினெட்காரரின் மனைவி ஒத்திகை அறையில் இருந்த அவருடைய அலமாரியைக் காலிசெய்ய வந்தார். "அவருக்காக யாரும் தட்டலைன்னு சொன்னாங்க. பேப்பர்ல வேற மாதிரி போட்டிருக்கே, எதும்மா நிஜம்?" என்று கேட்டார். தட்டவில்லை என்றேன். எழுதியது என் அண்ணன் என்றும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தங்கை

மார்ச் 15

குட்டி,

நான் வரவே இல்லை. மத்தியானம் ஒத்திகையைக் கேட்டுவிட்டு, ஆறு மணிக்கே எழுதிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். பல வருஷமாக இப்படித்தான். கைதட்டல் வரியை எப்போதும் முதலிலேயே எழுதிவிடுவேன். இதுவரை அது பொய்த்ததில்லை. உன் கச்சேரிக்கும் அதையே செய்தேன் என்று சொல்லக் கூசுகிறது.

இன்றைய திருத்தத்தை இணைத்திருக்கிறேன். "தவறுக்கு வருந்துகிறோம்" போதும் என்றார் ஆசிரியர். நிருபர் அரங்குக்கே போகவில்லை என்று போடச் சொன்னேன். இனி கச்சேரிப் பக்கம் எனக்கில்லை.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கூட வருவாயா?

அண்ணன்

மார்ச் 19

அண்ணா,

திருத்தத்தை அவரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "வரச் சொல்லும்மா. என்ன பேசணும்னு முன்னாடியே எழுதி வெச்சுக்கிட்டு வர வேண்டாம்னு சொல்லு" என்றார்.

ஞாயிறு நாலு மணி. மருந்துக்கடைக்கு எதிர்வீடு, மாடி. அழைப்பு மணி வேலை செய்யாது.

நான் வரவில்லை. கதவை நீயேதான் தட்ட வேண்டும்.

தங்கை