அப்பாவின் வாட்சும் நீ அனுப்பிய சுழல் பெட்டியும்

என் வாயாடி மகளுக்கு,

நான் நலம், நீயும் நலமாயிருக்க வேண்டும். வழக்கமாக "நாங்கள் நலம்" என்று எழுதுகிறவள் இன்று ஒருமையில் எழுதியிருக்கிறேன், கவனித்துக்கொள்.

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. நான் பிரிப்பதற்குள் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து நகைப் பெட்டியா என்றாள். வாட்சை உள்ளே வைத்தால் நிற்காமல் சுழற்றிக்கொண்டே இருக்கும் என்றேன். "மனுஷனுக்கு அப்படி ஒண்ணு வந்தா சொல்லு, எங்க வீட்டுக்காரரைப் போட்டு எடுக்கணும்" என்றாள். நானும் சிரித்தேன், கதவைச் சாத்தியதும் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு மாதமாக அந்தப் பெட்டியின் வேலையைப் பார்ப்பவள் நான்தான். திட்டுவதென்றால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு. அப்பாவின் இடது கை தேறவில்லை, பக்கவாதம் வந்த அன்று விழுந்தது விழுந்தபடியே கிடக்கிறது. அவர் வாட்ச் கை ஆடினால்தான் ஓடும் ரகம், அதை இடது கையில்தான் கட்டுவேன் என்று பிடிவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் அது நின்றது. நின்ற முள்ளையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததைத் தாங்க முடியாமல், குளிப்பாட்டக் கழற்றும்போது சமையலறைக்குக் கொண்டுபோய் இருமல் மருந்தைக் குலுக்குவதுபோல் குலுக்கி, மணியைத் திருத்தி மாட்டிவிட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. மறுநாள் அவர், "பாத்தியா, வாட்ச் ஓடுது, தூங்கும்போது கை அசையுதுடி" என்றார். அதன்பிறகு நான் என்னத்தைச் சொல்ல? தினமும் குலுக்கினேன், குலுக்கின குலுக்கலுக்கு இரண்டு கிலோவாவது குறைந்திருக்கலாம், அதுவும் இல்லை. அந்த வாட்சை நம்பித்தான் கை சரியாகிக்கொண்டு வருகிறது, நீ வரவேண்டாம் என்று உன்னிடம் போனில் சொன்னார். தன் தையல் கடையில் கொடுத்த துணியைக் கேட்டு வந்தவர்களையும் அதைத் திருப்பித் தராமல், அடுத்த மாதம் வாங்க, தைச்சுத் தரேன் என்று அனுப்பிக்கொண்டிருந்தார்.

உன் பெட்டியைப் பார்த்ததும் எனக்கு வந்தது பேராசைதான். மதியம் அவர் தூங்கும்போது கழற்றி இதில் வைத்தால் என் கைக்கு ஓய்வு, பொய்க்குக் கரண்ட். பிளக்கைச் செருகிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்காவது ஒருநாள் கை ஓய்ந்துபோகும், இதற்கு ஓயாது என்று தோன்றியதும் பயந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன். அன்றோடு குலுக்குவதையும் விட்டேன்.

இரண்டாம் நாள் வாட்ச் நின்றது. வலது விரலால் தட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எத்தனை நாளா என்று கேட்டார். முதல்லேருந்தே என்றேன். சாயங்காலம் வரை அந்த நின்ற வாட்சையே கட்டியிருந்தார். பிறகு, "வலது கையில மாத்திக் கட்டு, துணியெல்லாம் அவங்கவங்ககிட்டக் குடுத்துடு" என்றார். சும்மா கொடுக்கவும் விடவில்லை, வேறு தையல்காரருக்கு உதவுமே என்று ஒவ்வொரு துணியிலும் அளவுச் சீட்டு எழுதிக் குத்தச் சொன்னார். பதினோரு சீட்டையும் அவரே எழுதினார். நான் காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாயிரு. ஒன்றை மட்டும் மறக்காதே. போனில் அப்பாவிடம் சரியாயிடும் என்று சொல்லாதே, இந்த வீட்டில் ஒருத்தி அதை அளவுக்கு மேல் சொல்லிவிட்டாள். எப்போது வருகிறாய் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் பொய்க்கார அம்மா